நாற்காலி நகர்ந்த கோயில்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் மீது எனக்கு நெடுங்காலமாகப் பொறாமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடப்பேன். வாய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்; மனசு காந்திக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சந்துக்குக்கூட வரலாறு உண்டு. எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எந்தக் கடை யாருடையது, எந்தத் தெருவுக்கு எதனால் அந்தப் பெயர் என்று சொல்லப் பலகை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தபோது, அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எங்கள் தோட்டத்து லயத்துக்கு யார் பலகை வைப்பார்கள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பிறந்தது கேமரன் மலையில், ரிங்லெட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். இந்த மலைக்கு வெள்ளைக்காரர் ஒருவரின் பெயர் இருக்கிறது. 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன். முதல் பெரிய தேயிலைத் தோட்டமான போவைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸலின் பெயரும் 1929 என்ற ஆண்டும் எல்லாக் கையேட்டிலும் வரும். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை 1931இல் முடிந்தது என்பதும் வரும். அந்தச் சாலையில் மூட்டையோடும் பிள்ளையோடும் ஏறிவந்து, காட்டை அழித்த சரிவில் கன்று ஊன்றி, அறுபது எழுபது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய குடும்பங்களின் பெயர் எங்கே வருகிறது? எங்கள் லயத்தை இடித்த அன்று ஒரு படம் எடுத்து வைக்கக்கூட ஆள் இல்லை. அந்த இடத்தில் இன்று தக்காளிக்கு நெகிழிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனசோடுதான் போன ஆண்டு அம்மாவைப் பினாங்குக்கு அழைத்துப்போனேன். எழுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது: "ஆயர் கோயில ஒரு தடவ பாத்துடணும்."

அம்மாவுக்குப் பினாங்கு மாநிலம் புதிதல்ல. ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குத் தோட்டத்திலிருந்து பஸ் கிளம்பும். கத்தோலிக்கர் மட்டுமில்லை, மாரியம்மனைக் கும்பிடுகிற சனமும் அதில் ஏறும். இரவு மெழுகுவத்தி ஊர்வலம் முடித்து, விடியும் முன்னே மலையேறி, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்பார்கள். தூங்காத கண்ணோடு கொழுந்து எடுக்கப் போவார்கள். ஆனால் அன்னம்மாள் கோயில் கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறது. தீவுக்குள் அம்மா கால் வைத்ததே இல்லை. ஆயரைத் தெரியும், ஆயர் கோயிலைத் தெரியாது.

விடிகாலை நாலு மணிக்குத் தம்பி மகன் வேனை எடுத்தான். தந்தை வழி அத்தையும் சேர்ந்துகொண்டார். தாப்பா வரைக்கும் வளைவுகள். அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஈப்போ தாண்டியதும் பொழுது விடிந்தது, தைப்பிங்கில் பசியாறினோம். இதில் சொல்ல ஒன்றுமில்லை. பாலத்தில் ஏறியபிறகுதான் அந்தப் பயணம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

1985இல் திறந்த பாலம், பதின்மூன்றரை கிலோமீட்டர். தீவை நெருங்கும்போது இடது பக்கம் காடு மூடிய ஒரு குன்று கடலில் கிடக்கிறது. "அதுதான் பாட்டி, பூலாவ் ஜெரெஜாக்" என்றான் தம்பி மகன். அம்மா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"அங்கதான் எங்க ஆத்தாவ இறக்குனாங்க."

எங்கள் அம்மாயி 1937இல், எட்டு வயதில், லால்குடிப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல். ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக வந்த கடைசிக் கூட்டங்களில் ஒன்று அது. அடுத்த ஆண்டே, 1938இல், இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கப்பலின் மேல்தட்டில் ஒட்டி உட்கார்ந்து வந்த கூலிச் சனத்தைப் பினாங்கு ஊருக்குள் நேரே விடமாட்டார்கள். முதலில் ஜெரெஜாக் தீவு. அம்மை, காலரா இல்லை என்று தெரியும்வரை அங்கே அடைத்துவைத்துப் பார்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அது நோயாளிகளையும் புதிதாக வருகிறவர்களையும் ஒதுக்கிவைக்கிற தீவு. தொழுநோயாளர் இல்லமும் அங்கேதான். பிற்பாடு 1969 முதல் 1993 வரை சிறையாக இருந்தது. உடுத்த துணியைக் கழற்றி வாங்கி ஆவியில் வேகவைத்து, ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள் என்று அம்மாயி சொல்லுவாராம். எட்டு வயதுப் பிள்ளை ஈரப் பாவாடையோடு, எதிரே தெரிகிற ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறது.

இதுவரை எத்தனையோ முறை அந்தப் பாலத்தில் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாலத்தின் நீளத்தைச் சொல்லியிருக்கிறேன். அம்மாயியின் கதையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையும் அந்தக் குன்றும் என் மனசில் ஒட்டவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னபோது ஒட்டிக்கொண்டது. கடல்காற்று வேனுக்குள் நிரம்பியது. அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃபார்குவார் தெருவில் வேனை நிறுத்தினோம். விண்ணேற்பு மாதா ஆலயம் வெள்ளையாக, இரண்டு பக்கமும் சதுர மணிக்கூண்டோடு நிற்கிறது. எனக்கு ஒப்பிக்கத் தெரிந்த பாடம் இது. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் தீவில் கொடி ஏற்றினார். அதே வாரம் கெடாவிலிருந்து கர்னோ என்ற பிரெஞ்சுக் குருவானவர் யுரேசியக் கத்தோலிக்கக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள் வந்ததால் கோயிலுக்கு அந்தப் பெயர். முதல் கோயில் இருந்த தெரு இன்றும் கோயில் தெருதான், லெபோ கெரெஜா. இப்போதுள்ள கட்டடம் 1860களின் தொடக்கத்தில் எழுந்தது. 1955இல் பினாங்கு தனி மறைமாவட்டம் ஆகி, பிரான்சிஸ் சான் முதல் ஆயரானபோது இது ஆயரின் நாற்காலி இருக்கிற பேராலயம் ஆயிற்று. ஜார்ஜ் டவுனுக்கு நகர் என்ற தகுதியே 1957 ஜனவரி முதல் நாள்தான் கிடைத்தது. ஆயருடைய நாற்காலி அதற்கு முன்பே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். உள்ளே போய் முழங்கால் போட்டார், எழுந்தார், சுற்றிப் பார்த்தார். மேலே பாடகர் மாடத்தில் நூறாண்டு தாண்டிய குழாய் ஆர்கன். பெஞ்சுகள் துடைத்து வைத்தாற்போலப் பளபளத்தன. வெளியே தெருவெல்லாம் கூட்டம். சற்றுத் தள்ளி ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகிற இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். அது 2012இல் வரைந்தது. உள்ளே நாங்கள் நாலு பேர், இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள், மெழுகுவத்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர்.

அம்மா நேரே அவரிடம் போனார்.

"ஐயா, இங்க பூசைக்கு எவ்வளவு சனம் வரும்?"

நான் ஆண்டு சொன்னேன், குருவின் பெயர் சொன்னேன், கட்டட அமைப்பைச் சொன்னேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அம்மாவுக்கு முதலில் தோன்றியதே அதுதான்.

பெரியவர் கத்தியைக் கீழே வைத்தார். "முன்ன எல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா வாசல்ல நிப்பாங்கம்மா. இப்ப உக்கார எடம் இருக்கு."

"ஏன், சனமெல்லாம் எங்க போச்சு?"

"வாடக ஏறிப்போச்சும்மா. நாங்களே இந்தா, ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம். எங்கப்பா காலத்து வாடக. சட்டம் போனதும் கட்ட முடியல. பாயான் பாருவுல ஃபிளாட்டுக்குப் போயிட்டோம். ஆளாளுக்கு ஒரு பக்கம்."

"அப்ப ஆயரு?"

"ஆயரும் சனம் போன பக்கம் போயிட்டாரு. 2003ல கிரீன் லேன் கோயிலுக்கு மாத்திட்டாங்க. இது இப்ப பழைய பேராலயம்."

எனக்கு அது தெரியாத செய்தியல்ல. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். போருக்கு முந்தின கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் பிடித்துவைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1997இல் அதை நீக்கினார்கள். 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுசாகப் போய்விட்டது. தையல்காரர், தச்சர், மாவு அரைக்கிறவர், காப்பிக்கடைக்காரர், துறைமுகக் கூலி என்று தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ பட்டம் வந்தது. பட்டம் வந்தபின் வீடுகள் இன்னும் விலை ஏறித் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. பலகை எழுத ஆள் வந்தபோது, பலகையில் எழுத வேண்டியவர்கள் பலர் அங்கே இல்லை.

நான் பொறாமைப்பட்டது இந்த ஊர்மேலா? பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் இதை யோசித்தேன். எங்கள் தோட்டத்தில் வேலையிலிருந்து நின்றதும் வீட்டை விட வேண்டும் என்பது வழக்கம். அப்பா ஓய்வு பெற்றபோது எங்களுக்கும் அதுதான் நடந்தது. கட்டில், பீரோ, மாதா படம் எல்லாம் ஒரு லோரியில் ஏறியது. வாடகைச் சட்டம் போனதால் அந்தப் பெரியவரின் தகப்பன் வீடு போனது. வேலை முடிந்ததால் என் தகப்பன் வீடு போனது. அந்தப் பெரியவர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் இன்று ஒருவேளை பலகை இருக்கலாம். அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டு அவர் என்ன செய்வார்? பாயான் பாருவிலிருந்து பஸ் பிடித்து வந்து மெழுகு சுரண்டுகிறார். அந்தக் கோயிலை இன்றைக்கும் கோயிலாக வைத்திருப்பது அவர் பிடிக்கிற அந்த பஸ்.

ஆயர் நாற்காலி இடம் மாறுவது உலகத்தில் புதிதல்ல. சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது, அங்கும் ஓர் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். அந்தத் தெருவின் புனித மரியன்னை ஆலயம்தான் சென்னை உயர் மறைமாவட்டத்தின் பேராலயமாக இருந்தது. 1952இல் சென்னையையும் மயிலாப்பூரையும் ஒன்றாக்கியபோது நாற்காலி கடலோரச் சாந்தோமுக்குப் போய்விட்டது. மரியன்னை ஆலயம் இணைப் பேராலயமாக நிற்கிறது. இங்கிலாந்தில் சால்ஸ்பரியின் கதை இன்னும் எங்களுக்கு நெருக்கம். பழைய பேராலயம் ஒரு மேட்டுக் கோட்டைக்குள் இருந்தது. காற்று, தண்ணீர்ப் பஞ்சம், கோட்டைச் சிப்பாய்களோடு ஓயாத தகராறு. 1220இல் கீழே சமவெளியில் புதுக் கோயிலுக்கு அடிக்கல் வைத்தார்கள். சனமும் மேட்டை விட்டு இறங்கிவிட்டது. மேலே பழைய பேராலயம் இருந்த இடத்தில் இன்று புல்லும் அடித்தளக் கற்களும்தான் இருக்கின்றன. மலையை விட்டுச் சனம் இறங்குவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னோடு படித்த பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள்.

பெரியவர் எங்களை விடவில்லை. "நம்ம சனத்துக் கோயில் பாத்தீங்களா?" என்று கேட்டு, பினாங்கு ரோட்டில் இருக்கிற புனித சவேரியார் ஆலயத்துக்கு வழி சொன்னார். தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழுந்த கோயில் அது. சீனருக்கு மெக்காலிஸ்டர் ரோட்டில் வியாகுல மாதா ஆலயம், பூலாவ் திக்குசில் இருந்த யுரேசியருக்கு அமலோற்பவ மாதா ஆலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே வேதத்துக்காரர்கள் மொழிக்கொரு கோயிலாகப் பிரிந்து கும்பிட்டார்கள். துரைமாரும் யுரேசியரும் முழங்கால் போட்ட ஃபார்குவார் தெருக் கோயிலில் எங்கள் அம்மாயி மாதிரி ஒரு கூலிப் பெண்ணுக்கு அன்று எந்தப் பெஞ்சு கிடைத்திருக்கும்? அம்மாயி ஊருக்குள் போகவே இல்லை. ஜெரெஜாக்கிலிருந்து விட்டதும் ரயிலேற்றித் தாப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு இதே பினாங்கு மறைமாவட்டத்தில் 1983 முதல் 2012 வரை அந்தோணி செல்வநாயகம் ஆயராக இருந்தார். தமிழ் ஆயர் வந்தபோது அம்மாயி உயிரோடு இருந்தார். அந்தச் செய்தியைக் கேட்டுத் தோட்டத்து மாதா கோயிலில் வெடி போட்டார்கள் என்று அம்மா அங்கே நின்று சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி.

போகிற வழியில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித ஜார்ஜ் ஆலயம். 1818இல் கட்டி முடித்தது, கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள். அதைக் கட்டியவர்கள் கைதிகள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பி, சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்துக்கொண்டது. தம்பி மகன் ஒரு தூணில் கை வைத்து, "அத்தை, இதுவும் நம்மாளுங்கதானா?" என்றான். அந்தக் கைதிகளில் தமிழர் எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. சிறு பையனாக என்னோடு வந்தபோது ஐஸ் கச்சாங் எங்கே என்று மட்டும் கேட்டவன் அவன். அம்மா தொடங்கிவைத்த கேள்வி அவனுக்கும் தொற்றிவிட்டது. பிறகு ராணி தெரு மாரியம்மன் கோயில், 1833. காதர் மொகிதீன் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801. இரண்டிலும் அவன் ஆண்டைப் படிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தான்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தபோது அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது. புறப்படலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆயர் கோயில் பாக்கணும்னுதான வந்தேன்?"

"காலையில பாத்தோமேம்மா."

"அது பழைய கோயில். ஆயரு இருக்கற கோயிலுக்குப் போவோம்."

கிரீன் லேன் தூய ஆவி ஆலயத்துக்கு நான் அதுவரை போனதே இல்லை. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அதைத் தேடி வரச் சொல்வதில்லை. அது வீடுகளுக்கு நடுவே நிற்கிற, நம் காலத்துக் கட்டடம். அன்று சனிக்கிழமை. மாலைப் பூசைக்குச் சனம் வந்துகொண்டிருந்தது. வேனை நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினோம். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு சீனப் பாட்டி, தமிழ்க் குடும்பங்கள், பிலிப்பீனோப் பெண்கள், வாசலில் கை குலுக்கி வரவேற்கிற இளைஞர்கள். பூசை ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "ஓஸ்தி தூக்குறது எந்தப் பாஷையிலயும் ஒண்ணுதான்" என்று சொல்லி முன்வரிசைக்குப் போனார். 2023இல் கர்தினால் ஆன செபஸ்தியான் பிரான்சிஸின் பேராலயம் இது. பீடத்துக்குப் பக்கத்தில் ஆயரின் நாற்காலி இருந்தது. அன்று அதில் யாரும் உட்காரவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

எனக்குச் சொல்லத் தெரிந்த கோயிலில் காலையில் நான் பேசினேன். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாத கோயிலில் மாலையில் அம்மா பேசாமல் இருந்தார். எது கோயில் என்று அன்று அவருக்குக் குழப்பமே இல்லை.

பழைய கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஃபார்குவார் தெருக் கோயில் இடிந்துபோனால் நான் அழுவேன். அதைப் பழுது பார்க்கிறார்கள், ஆர்கனைப் பேணுகிறார்கள், ஞாயிறு பூசை நடக்கிறது, எல்லாம் நல்லது. என் பொறாமை எங்கே கரைந்தது என்று மட்டும் சொல்கிறேன். பலகைக்காகக் காத்திருப்பதை அன்று விட்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மாதா கோயில் இன்னும் நிற்கிறது: தகரக் கூரை, பத்துப் பெஞ்சு, குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதற்கு யாரும் மரபுரிமைப் பட்டம் தரப்போவதில்லை. ஆனால் திருவிழாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எங்கள் கையில் இருக்கிறது.

வீடு திரும்பிய வாரத்தில் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வாங்கினேன். அம்மாவை உட்காரவைத்து லயம் லயமாகக் கேட்டேன். மேட்டு லயம், ஆற்று லயம், ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த லயம். முதல் வீட்டில் யார், அடுத்த வீட்டில் யார், பிள்ளைகள் எத்தனை, இப்போது எங்கே. அம்மாவுக்கு ஆண்டு நினைவில்லை. ஆனால் எந்த வீட்டுக்காரருக்கு எந்த மலைச் சரிவு, எந்தத் தண்டல், எந்தப் பெண் பேறுகால வலியோடு கூடையை நிறுத்துப்போட்டுவிட்டு வந்தாள் என்பதெல்லாம் நேற்று நடந்ததுபோல வந்தது. நான் "ஆண்டு" என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். அது பெரும்பாலும் காலி. "இப்போது எங்கே" என்ற பத்தி நிரம்பி வழிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வொருவராகத் தேடினோம். ஒருவரைப் பிடித்தால் மூன்று பேர் கிடைத்தார்கள். மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் தங்கள் பக்கத்துப் பெயர்களைத் தனியாக எழுதித் தந்தார்கள். இரண்டையும் ஒரே புத்தகத்தில் சேர்த்துவிட்டேன், லயத்தில் எங்களுக்கு நடுவே சுவர் ஒன்றுதான் இருந்தது.

இந்த ஆண்டு மாதா திருவிழாவுக்கு வேன்களும் கார்களும் வந்தன. ஜொகூரிலிருந்து ஒரு குடும்பம் இரவெல்லாம் ஓட்டிவந்தது. அவர்களை விடவும் முன்னால் வந்து கோயிலைக் கழுவி, வாழைக்கன்று கட்டிக் காத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். இன்று எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா பக்கத்து மக்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களில் ஃபுளோரஸ் தீவுக்காரர்கள் கத்தோலிக்கர். நாங்கள் இல்லாத ஞாயிறுகளில் அந்தக் கோயிலைத் திறந்து செபமாலை சொல்லி வருகிறவர்கள் அவர்கள்தான்.

திருவிழா முடிந்த மறுநாள் அம்மா புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். கடைசியாக மிஞ்சி நிற்கிற லயத்தில் இப்போது இருக்கிற அந்த ஃபுளோரஸ் தம்பதியின் பெயரையும் எழுதச் சொன்னார். நான் தயங்கினேன். இது நம் சனத்துக்கான புத்தகம், பழைய குடும்பங்களுக்கு என்று தொடங்கியது என்றேன்.

"அவங்களும் கப்பல்ல வந்து எறங்குனவங்கதான? பாஸ்போட்ட வாங்கி வச்சிக்கிட்டு, ஊசி போட்டு, டெஸ்ட் எடுத்துத்தான விட்டாங்களாம், எங்கிட்ட சொல்லுச்சு அந்தப் பொண்ணு" என்றார் அம்மா.

"அவங்க விமானத்துல வந்தவங்கம்மா."

"ஏதோ ஒண்ணு. எழுது."

ஐந்தாம் எண் வீடு. எங்கள் பெரியப்பா குடும்பம் இருந்த வீடு அது. அவர்கள் பெயருக்குக் கீழே எழுதினேன். "எந்த ஊர்" என்ற பத்தியில் அதுவரை லால்குடி, துறையூர், சேலம், நாமக்கல் என்றே போய்க்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கிராமத்தின் பெயரைத் திருத்தமாகச் சொல்லச் சொல்லி, என்னை இரண்டு தடவை திரும்ப வாசிக்கவைத்தார். அடுத்த திருவிழாவில் செபமாலையின் ஒரு பத்து மணி மலாயில் சொல்ல வேண்டும் என்றும், அதை அந்தப் பெண்தான் முன்னின்று சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு. தம்பிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தமிழ்ச் செபத்தின் நேரம் குறையும் என்கிறான். அவனோடு அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.